புற்றுநோய் மருத்துவத்தில் கூட்டுப்பணி

ஒரு நோய்க்கு ஒரு மருத்துவர் என்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். காய்ச்சல் கண்டால் குடும்ப டாக்டர், பல் வலித்தால் பல் டாக்டர், பார்வை மங்கினால் கண் டாக்டர் என்று ஒருவரை நாடுகிறோம், அவர் சொல்வதைக் கேட்கிறோம், நலம் பெறுகிறோம். பெரும்பாலான நோய்களுக்கு இம்முறை போதும். ஆனால் புற்றுநோய்க்கு இது போதாது என்பதை மருத்துவ உலகம் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறிது சிறிதாக உணர்ந்தது. அறுவை மருத்துவர், கதிர்மருத்துவர், மருந்து மருத்துவர், திசுவைச் சோதிப்பவர், படம் எடுத்துப் பார்ப்பவர், செவிலியர் ஆகிய அனைவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு நோயாளிக்கு ஒரு திட்டம் என்று வகுக்கும் முறை பிறந்தது. மருத்துவமனைகளில் இதனை ‘ட்யூமர் போர்டு’ என்பர். நாம் பல்துறைக் குழு என்று சொல்லலாம்.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அந்நோயால் இறந்தவர்கள் 9 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீடு. இத்தனை பேருக்குக் கிடைக்கும் மருத்துவத்தின் தரம் எதனைப் பொறுத்தது? சிறந்த கருவிகளையா? கைதேர்ந்த மருத்துவர்களையா? அல்லது அம்மருத்துவர்கள் ஒன்றுகூடிப் பணியாற்றும் முறையையும் பொறுத்ததா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மருத்துவன் அல்லன். இயற்பியல் படித்துவிட்டு, இப்பொழுது மும்பையில் கதிர்மருத்துவ இயற்பியலில் பயிற்சி பெறுபவன். கதிர்க்கருவியிலிருந்து எவ்வளவு கதிர், எத்திசையில், எவ்விடத்தில் பாய வேண்டும் என்று கணக்கிடுவது எங்கள் தொழில். அதன் பொருட்டு வாரந்தோறும் நடைபெறும் பல்துறைக் குழுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்குக் கேட்டவையும், அதனால் ஆர்வம் மிகுந்து பின்னர்ப் படித்தவையும் இக்கட்டுரைக்கு அடிப்படை.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். மருத்துவன் மூன்றினை எண்ணிப் பார்த்துச் செயற்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர். நோயாளியின் நிலை ஒன்று, நோயின் நிலை ஒன்று, காலம் ஒன்று. பல்துறைக் குழுவின் கூட்டங்களைக் கேட்கக் கேட்க, அங்கு நடைபெறும் வாதம் எல்லாம் இம்மூன்றனுள் அடங்குவதை நான் கண்டேன். ஆகவே அவ்வழியே நாமும் சென்று பார்ப்போம்.

மூன்று கருவிகளும் மூன்று துறைகளும்

முதற்கண், இத்தனை பேர் ஏன் வேண்டும் என்பதை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை புற்றுநோய்க்கு உருப்படியான மருத்துவம் கத்தி ஒன்றே. 1895இல் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். 1898இல் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளுக்குள் இவ்விரண்டும் புற்றுநோய்க்கு மருந்தாயின. நம் ஊர்ப்பக்கத்து நோயாளிகள் ‘கரண்ட் வைத்தல்’ என்று சொல்லும் கதிர்மருத்துவம் இவ்வாறு தோன்றியதே. மூன்றாவதாக, 1940களில் மருந்துகளால் புற்றணுக்களை அழிக்கும் முறை தோன்றியது. 1948இல் சிட்னி ஃபார்பர் என்னும் அமெரிக்க மருத்துவர், இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து நோயைச் சில காலம் தணித்துக் காட்டினார்.

கத்தி, கதிர், மருந்து என்னும் இம்மூன்றும் வெவ்வேறு காலத்தில் தோன்றி, வெவ்வேறு துறைகளில் வளர்ந்தன. ஒவ்வொரு துறைக்கும் தனிப் படிப்பு, தனிப் பட்டம், தனிக் கட்டடம் ஏற்பட்டன. அதனால் ஒரு விந்தையான நிலை உண்டாயிற்று. நோயாளி முதலில் எந்தக் கதவைத் தட்டினாரோ, அந்தக் கதவுக்குள் இருந்த மருத்துவமே அவருக்குக் கிடைத்தது. அவருக்கு ஏற்ற மருத்துவம் அடுத்த கட்டடத்தில் இருந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியாது. இக்குறையைப் போக்க எழுந்ததே கூட்டுப்பணி.

மார்பகப் புற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்லாண்டுக் காலம் மார்பு முழுவதையும், அதன் அடியிலுள்ள தசைகளோடு சேர்த்து நீக்குவதே முறையாக இருந்தது. கட்டியை மட்டும் நீக்கிவிட்டுப் பின்னர்க் கதிர் கொடுத்தால் என்ன என்று பெர்னார்டு ஃபிஷரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் சோதித்தனர். 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த முடிவு 2002இல் வெளிவந்தது. மார்பு முழுவதையும் இழந்தவர்களும், கட்டியை மட்டும் நீக்கிக்கொண்டவர்களும் ஒரே அளவில் உயிர்வாழ்ந்தனர். ஆனால் ஒன்று: கட்டியை நீக்கியபின் கதிர் பெற்றவர்களுள் 14.3 விழுக்காட்டினருக்கே அதே மார்பில் நோய் மீண்டும் வந்தது. கதிர் பெறாதவர்களுள் 39.2 விழுக்காட்டினருக்கு வந்தது. கத்தியைச் சுருக்கலாம், கதிர் துணை நின்றால் என்பது இதன் பொருள். ஒரு துறை தன் எல்லையைக் குறைத்துக்கொள்ள மற்றொரு துறை உறுதி தர வேண்டும். அவ்வுறுதி, இருவரும் பேசிக்கொண்டால் அன்றிக் கிடைக்காது.

நோயின் நிலை

இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணும் புற்று வாய்ப்புற்று. புகையிலையும் பாக்கும் இதற்குப் பெருங்காரணம். ஐம்பது வயதான ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவின் முன் இவர் எவ்வாறு வருகிறார்?

முதலில் பேத்தாலஜிஸ்ட் எனப்படும் திசுநோய் வல்லுநர் பேசுகிறார். புண்ணிலிருந்து கிள்ளி எடுத்த சிறு சதையை உருப்பெருக்கியில் பார்த்து, இது புற்றுதானா, எவ்வகையைச் சார்ந்தது என்று சொல்பவர் அவர். அடுத்து, படத்துறை வல்லுநர் ஸ்கேன் படங்களைத் திரையில் காட்டுகிறார். நோய் தாடை எலும்பைத் தொட்டிருக்கிறதா, கழுத்து நெறிகளுக்குப் பரவியிருக்கிறதா என்பன அவர் சொல்ல வேண்டியவை. அதன் பிறகே அறுவை மருத்துவர் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பேசத் தொடங்குகிறார். வெட்டிய இடத்தை மூடுவதற்குத் தொடையிலிருந்தோ முன்கையிலிருந்தோ சதை எடுத்து ஒட்டும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் தம் கருத்தைச் சொல்கிறார்.

இவ்வளவில் முடிவதில்லை. அறுவை முடிந்தபின் வெட்டி எடுத்த பகுதி மீண்டும் திசுநோய் வல்லுநரிடம் செல்கிறது. வெட்டிய விளிம்பில் புற்றணு எஞ்சியிருக்கிறதா, கழுத்து நெறியின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருக்கிறதா என்று அவர் பார்க்கிறார். இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும், கதிர் மட்டும் போதாது, அதனுடன் மருந்தும் சேர வேண்டும் என்பது 2004இல் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வெளிவந்த இரு பெரும் ஆய்வுகளால் நிலைபெற்ற முறை. திசுநோய் வல்லுநர் எழுதும் ஒரு வரி, அடுத்த இரண்டு மாத மருத்துவத்தையே மாற்றிவிடுகிறது. அந்த வரி அறிக்கையில் விடுபட்டுப் போனால், அல்லது எழுதியும் ஒருவரும் படிக்காமல் போனால், உலகிலேயே உயர்ந்த கதிர்க்கருவியாலும் அக்குறையை ஈடுசெய்ய இயலாது.

மேசையின் ஓரத்தில் அமர்ந்திருப்பவர்களையும் மறத்தல் கூடாது. கதிர் தாடையில் பாய்ந்தபின் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பு அழியும் அச்சம் உண்டு. ஆதலால் சொத்தைப் பற்களைக் கதிருக்கு முன்பே பல் மருத்துவர் நீக்க வேண்டும். அப்புண் ஆறச் சில நாட்கள் விட வேண்டும். பல் மருத்துவரை யாரும் அழைக்கவில்லை என்றால், கதிர் தொடங்க வேண்டிய நாளில்தான் அவருடைய நினைவு வரும்.

என் துறையிலிருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். கதிர் பெறும்போது நோயாளியின் தலை சிறிதும் அசையக் கூடாது. அதற்காக ஒவ்வொருவருக்கும் அவரவர் முகத்தின் அளவுக்குப் பிளாஸ்டிக் முகமூடி ஒன்று செய்கிறோம். ஆறு வாரம் கதிர் பெறும் நோயாளிக்கு வாய் புண்ணாகி, விழுங்க முடியாமல், உடல் இளைத்துவிடுகிறது. முகம் வற்றினால் முகமூடி தளர்கிறது. முகமூடி தளர்ந்தால் நாங்கள் மில்லிமீட்டர்க் கணக்கில் போட்ட திட்டம் இடம் பெயர்கிறது. நோயாளிக்குக் கஞ்சியும் பாலும் முட்டையும் எவ்வளவு போக வேண்டும் என்று பார்க்கும் உணவியல் வல்லுநருக்கும், கணிப்பொறியின் முன் அமர்ந்து கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளருக்கும் என்ன தொடர்பு என்று தொடக்கத்தில் நான் எண்ணியதுண்டு. தொடர்பு இதுதான்.

காலம்

இனி, காலத்தைப் பற்றிக் காண்போம். கத்தி, கதிர், மருந்து மூன்றும் தேவை என்று முடிவாகிவிட்டால், மூன்று மருத்துவர்களும் தனித்தனியே தத்தம் பணியைச் செய்துவிட்டுப் போகலாமே, கூடிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை மலக்குடற் புற்றின் வரலாற்றில் இருக்கிறது.

முன்பு இந்நோய்க்கு அறுவை செய்தால், அறுத்த இடத்திலேயே நோய் மீண்டும் தோன்றுவது பெரிய தொல்லையாக இருந்தது. 1982இல் பில் ஹீல்டு என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், குடலை மட்டுமன்றி அதனைச் சுற்றியுள்ள கொழுப்புறையையும் சிதையாமல் முழுதாக எடுக்க வேண்டும் என்று காட்டினார். 1986இல் ஃபில் குவிர்க்கு என்னும் திசுநோய் வல்லுநரும் அவருடைய தோழர்களும், எடுத்த பகுதியின் சுற்றுவிளிம்பில் புற்றணு இருந்தால் நோய் மீண்டும் வரும் என்று உருப்பெருக்கியால் மெய்ப்பித்தனர். பின்னர்ப் படத்துறையினர், அவ்விளிம்பை நோய் எட்டியிருக்கிறதா என்பதை அறுவைக்கு முன்பே எம்.ஆர்.ஐ. படத்தில் காணலாம் என்று காட்டினர். அவர்களுடைய பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரே நோயைப் பற்றிய ஒரே உண்மையின் மூன்று பகுதிகளை மூன்று துறைகள் கண்டன!

கதிரை எப்பொழுது கொடுப்பது என்பது எஞ்சிய கேள்வி. ஜெர்மனியில் 800க்கு மேற்பட்ட நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குக் கதிரும் மருந்தும் அறுவைக்கு முன்னர். மற்றப் பிரிவினருக்கு அவையே அறுவைக்குப் பின்னர். கத்தி, கதிர், மருந்து எல்லாம் இரு பிரிவினருக்கும் உண்டு. வேறுபாடு முக்கியமாக வரிசையில்தான். 2004இல் வெளிவந்த முடிவைக் காண்க. ஐந்து ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பியவர்கள், முன்னர்ப் பெற்றவர்களுள் 6 விழுக்காடு. பின்னர்ப் பெற்றவர்களுள் 13 விழுக்காடு. உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு இல்லை. எனினும் மற்றொன்று உண்டு. ஆசனவாயை நீக்கி, வாழ்நாள் முழுதும் வயிற்றில் பை கட்டிக்கொள்ள நேரும் என்று அறுவை மருத்துவர் தொடக்கத்திலேயே கருதியவர்களுள், முன்னர்க் கதிர் பெற்றோரில் 39 விழுக்காட்டினருக்கு ஆசனவாயைக் காக்க முடிந்தது. மற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கே முடிந்தது. வயிற்றில் பையுடன் வயலில் இறங்கி வேலை செய்ய வேண்டியவரையும், நெரிசல் மிகுந்த மின்சார வண்டியில் நாள்தோறும் நின்றுகொண்டு செல்ல வேண்டியவரையும் எண்ணிப் பாருங்கள். இவ்வெண்களின் பொருள் விளங்கும்.

வரிசை தவறினால் பின்னர்த் திருத்த இயலாது என்பதே இதனின்று நாம் அறிவது. அறுவை முடிந்தபின் கூடும் குழு, இரயில் புறப்பட்டபின் நடைமேடைக்கு வந்தவரைப் போன்றது. முதல் கத்தி படுமுன் கூட வேண்டும்.

முதல் கத்தி என்று நான் சொல்வது பெரிய அறுவையை மட்டும் அன்று. சோதனைக்காகச் சதை எடுக்கும் சிறு கீறலும் அதில் அடங்கும். எலும்புப் புற்றில், அந்தக் கீறல் தவறான இடத்தில் விழுந்தால், புற்றணுக்கள் அத்தடம் முழுவதும் சிதறக்கூடும். காக்கக்கூடிய காலை எடுத்துவிட நேரும். ஹென்றி மேங்கின் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1982இல் 329 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுள் 15 பேர் சதைச் சோதனையில் நேர்ந்த பிழையால் தேவையின்றிக் கை கால்களை இழந்தனர் என்று எழுதினர். ஊசி எந்த வழியில் நுழைய வேண்டும் என்று, பின்னர் அறுவை செய்யப் போகிறவரை முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்பது எளிய செயல். அந்த எளிய செயலில் ஒரு கால் அடங்கியிருக்கிறது.

கூடினால் போதுமா?

இதுவரை கூறியவை எல்லாம் கூட்டுப்பணி நல்லது என்பதற்குக் காரணங்கள். காரணம் இருப்பது வேறு. பயன் விளைந்ததா என்று அளந்து பார்ப்பது வேறு. அறிவியல் மாணவர்களாகிய நாம் அளவைத்தான் கேட்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் புற்றுநோய் மருத்துவம் தனித்தேர்ச்சி பெற்ற குழுக்களால் நடைபெற வேண்டும் என்று 1995இல் ஓர் அரசு அறிக்கை கூறியது. கால்மன், ஹைன் என்னும் இருவர் பெயரால் அது வழங்குகிறது. அதே 1995இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் மார்பகப் புற்றுக்குப் பல்துறைக் குழு முறை வந்தது. அண்டை வட்டாரங்களில் அப்போது வரவில்லை. இது ஆய்வாளர்களுக்கு இயற்கையாகவே ஒரு சோதனைக்களம் ஆயிற்று. 1990 முதல் 2000 வரை நோய் கண்ட 13,722 பெண்களின் பதிவுகளை அவர்கள் ஒப்பிட்டனர். குழு முறை வருமுன், கிளாஸ்கோவில் இந்நோயால் இறக்கும் வீதம் அண்டை வட்டாரங்களைவிட 11 விழுக்காடு மிகுதி. குழு முறை வந்தபின் அது அவற்றைவிட 18 விழுக்காடு குறைவு. 2012இல் வெளிவந்த இம்முடிவு பலரையும் கவர்ந்தது. கண்டு பதிந்து ஒப்பிட்ட ஆய்வு இது. ஆகையால் வேறு காரணங்கள் கலந்திருக்கவே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆயினும் எளிதில் ஒதுக்கத்தக்கதும் அன்று.

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 138இல், குழுக்கூட்டம் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவத்தின் தரத்தையும் பயனையும் காட்டும் 27 அளவுகோல்களை எடுத்துக்கொண்டனர். அவற்றுள் 7 மட்டுமே கூட்டத்தோடு தொடர்புடையனவாகத் தோன்றின; அவற்றிலும் சில எதிர்த்திசையில் இருந்தன. பல ஒப்பீடுகளைச் சேர்த்துச் செய்வதால் தற்செயலாக வரும் பிழையைத் திருத்திப் பார்த்தபோது, எஞ்சியது ஒன்றே!

ஓரிடத்தில் பெரும் பயன். மற்றோரிடத்தில் பயன் இல்லை எனத்தக்க நிலை. இது முரண்பாடா? அன்று என்பது என் கருத்து. கிளாஸ்கோவில் நடந்தது கூட்டம் மட்டும் அன்று. மார்பகப் புற்றில் தேர்ந்த அறுவை மருத்துவர்களிடமே நோயாளிகள் சென்றனர். எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்து நெறிகள் இருந்தன. திசுநோய் வல்லுநர், கதிர்மருத்துவர், படத்துறையினர், தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் அனைவரும் வாரந்தோறும் கூடினர். செய்த பணி தணிக்கை செய்யப்பட்டு, அதன் முடிவு செய்தவர்களுக்கே திரும்பச் சொல்லப்பட்டது. அமெரிக்க ஆய்வோ, கூட்டம் உண்டா இல்லையா என்பதையே முதன்மையாகக் கேட்டது. கூட்டத்தில் யார் பேசினர், முடிவு நிறைவேறியதா என்பன அக்கேள்வியில் அகப்படுவதில்லை.

நம் மாணவர் சங்கங்களிலேயே இதனைக் காண்கிறோம். செயற்குழு கூடுகிறது, தேநீர் வருகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது, அடுத்த கூட்டத்தில் அதே தீர்மானம் மீண்டும் நிறைவேறுகிறது! கூட்டத்தின் பெயர் எதுவாயினும், செய்யப்போகிறவர் யார், எந்த நாளுக்குள் என்று எழுதி வைக்காத கூட்டத்தால் பயன் இல்லை. ஆகவே நான் கொண்ட முடிவு இது: கூட்டம் வேறு, கூட்டுப்பணி வேறு. புற்றுநோயாளியைக் காப்பது கூட்டுப்பணி.

நோயாளியின் நிலை

வள்ளுவர் முதலில் வைத்த நோயாளியின் நிலையை நான் இறுதியில் வைத்தேன். காரணம், குழுக்கள் பெரும்பாலும் இதனை இறுதியில்தான் நினைக்கின்றன. நோயாளி அக்கூட்டத்தில் இருப்பதில்லை. அவருடைய படம் திரையில் இருக்கிறது. அவருடைய சதை கண்ணாடித் துண்டில் இருக்கிறது. அவர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உணவுக்குழல், இரைப்பைப் புற்றுகளுக்கான குழு ஒன்றின் 273 முடிவுகளை எடுத்து, எத்தனை நிறைவேறின என்று பார்த்து 2006இல் எழுதினர். 41 முடிவுகள் நிறைவேறவில்லை. ஏறத்தாழ 15 விழுக்காடு. ஏன்? 18 பேருக்கு வேறு உடற்குறைகள் இருந்தன. 14 பேர் அம்மருத்துவத்தை விரும்பவில்லை. அதாவது, நோயைப் பற்றி எல்லாம் அறிந்த குழு, நோயாளியைப் பற்றி அறியாமல் முடிவெடுத்திருக்கிறது. இருதயம் தாங்குமா, வீட்டில் யார் பார்த்துக்கொள்வர், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் செவிலியருக்குத் தெரியும். சமூகப் பணியாளருக்குத் தெரியும். அவர்கள் மேசையருகே இருந்தும் வாய் திறக்க இடம் இல்லை என்றால் அச்செய்தி எவ்வாறு வரும்? பெரிய டாக்டர் பேசும்போது சிறியவர் பேசலாகாது என்னும் எண்ணம் நம் நாட்டில் மிகுதி. கூட்டுப்பணிக்கு முதற்பகை அதுவே.

வலி தணிக்கும் மருத்துவத்தையும் இங்குக் கூற வேண்டும். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்றபின் அழைக்க வேண்டியவர் அவர் என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிவிட்ட நுரையீரற் புற்று கண்ட 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலிருந்தே வழக்கமான மருத்துவத்தோடு வலி தணிப்பு மருத்துவத்தையும் அளித்தனர். 2010இல் வெளிவந்த முடிவின்படி, அவர்களுடைய வாழ்க்கை நலம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, இறுதி நாட்களில் கடுமையான மருத்துவம் பெற்றவர்கள் குறைவு. அவர்களுடைய இடைநிலை வாழ்நாளோ 11.6 திங்கள், மற்றவர்களுக்கு 8.9 திங்கள்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் இக்கூட்டு முறைக்கு வித்து முன்பே விழுந்தது. டாட்டா நினைவு மருத்துவமனை பம்பாயில் 1941 பிப்ரவரி 28ஆம் நாள் திறக்கப்பட்டது. 1957இல் அது மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பில் வந்தது. 1962இல் அணுசக்தித் துறைக்கு மாற்றப்பட்டது. மருத்துவமனைக்கும் அணுசக்திக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள், கதிர்மருத்துவத்தை எண்ணிப் பார்த்தால் தெளிவர். இயற்பியலும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் வந்த செயல் அது. இன்று அங்கு ஒவ்வோர் உறுப்பின் புற்றுக்கும் பல துறையினரும் சேர்ந்த தனிக் குழுக்கள் இயங்குகின்றன.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்தை நாம் அறிவோம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அப்பணிக்கு உந்தியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை உழைத்த டாக்டர் சாந்தாவும், வாய்ப்புற்றுக்குக் கதிரையும் மருந்தையும் ஒருங்கே கொடுத்து ஆராய்ந்தனர். அம்முடிவுகள் அயல்நாட்டு மருத்துவ இதழ்களில் வெளிவந்தன.

ஆயினும் இத்தகைய நிலையங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. நோயாளிகளோ நாடெங்கும் இருக்கின்றனர். இதற்கு ஒரு வழியாக 2012இல் தேசியப் புற்றுநோய் மருத்துவமனை வலையமைப்பு தொடங்கப்பெற்றது. இன்று 300க்கு மேற்பட்ட நிலையங்கள் அதில் இணைந்துள்ளன. எல்லோருக்கும் பொதுவான மருத்துவ நெறிகளை அது வெளியிடுகிறது. சிறு நகரத்து மருத்துவர் தம் நோயாளியின் படங்களைக் காட்டி, தொலைவிலுள்ள வல்லுநர்களோடு காணொலி வழியே கலந்து பேசும் கூட்டங்களும் நடைபெறுகின்றன. நோயாளி இரண்டு நாள் இரயிலில் வருவதற்குப் பதிலாக அவருடைய படம் வருகிறது.

ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கால் மணி நேரம் பேச வல்லுநர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இங்கிலாந்திலும் இதே நெருக்கடி தோன்றியது; 2020இல் அங்கு இதற்கு நெறி வகுத்தனர். வழி தெளிவாக உள்ள நோயாளிகளுக்கு, முன்பே குழு ஒப்புக்கொண்ட எழுத்து நெறிப்படி மருத்துவம் தொடரலாம். சிக்கலான நோயாளிகளுக்குக் கூட்டத்தின் நேரத்தைச் செலவிடலாம். ஆட்கள் குறைந்த நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும்.

நாம் செய்யத்தக்கவை

இவ்விதழைப் படிப்பவர்களுள் மருத்துவ மாணவர்கள் சிலரே இருப்பர். பொறியியல், வேதியியல், புள்ளியியல், சமூகப்பணி, இலக்கியம் படிப்பவர்களே பலர். நமக்கும் இதற்கும் என்ன என்று அவர்கள் எண்ண வேண்டாம். கதிர்க்கருவியைப் பழுதின்றி வைக்கப் பொறியாளர் வேண்டும். எந்த மருத்துவம் யாருக்குப் பயன் தந்தது என்று கணக்கெடுக்கப் புள்ளியியலார் வேண்டும். நோயாளி ஏன் பாதியில் நின்றுவிட்டார் என்று தேடிச் சென்று அறியச் சமூகப் பணியாளர் வேண்டும். அந்த மேசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு.

இரண்டாவதாக, ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் அழைத்து, ‘தம்பி, நீ பெரிய ஊரில் படிக்கிறாயே, என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் நாள் நம் எல்லோருக்கும் வரக்கூடும். அன்று நீங்கள் சொல்லத்தக்கவை மூன்று. முதல் மருத்துவம் தொடங்குமுன், ‘இதனைப் பல டாக்டர்களும் சேர்ந்து பார்த்தார்களா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். சதைச் சோதனை அறிக்கையோடு, அந்தக் கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டியையும், ஸ்கேன் படம் பதிந்த தட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வேறிடம் செல்ல நேர்ந்தால் அவை மீண்டும் வேண்டும். இதற்காகச் சில நாட்கள் செல்வது வேறு, பயத்தால் பல மாதங்கள் தள்ளிப்போடுவது வேறு என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் சங்கமே செய்யக்கூடிய பணி. இந்நகரத்து மருத்துவமனைகளுக்குத் தமிழ் மட்டுமே அறிந்த நோயாளிகளும் வருகின்றனர். தாராவியிலிருந்து வரும் முதியவர்கள் உண்டு. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் நோய் கண்ட தாய்மார்கள் உண்டு. இந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவர்கள் தலையசைக்கின்றனர். தலையசைப்பு விருப்பம் ஆகாது. பிரிஸ்டலில் விருப்பம் அறியப்படாததால் முடிவுகள் நிறைவேறாமல் போயின என்றால், மொழியே தெரியாத இடத்தில் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுவதில்லை. மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவினரின் இசைவைப் பெற்று, வாரத்தில் ஓர் அரை நாள், இருவர் இருவராக நம் உறுப்பினர்கள் சென்று மொழித்துணையாக இருக்கலாம். கேட்டதைக் கேட்டபடியே சொல்ல வேண்டும். தம் கருத்தைக் கலக்கக் கூடாது. அறிந்ததை வெளியே பேசக் கூடாது. நோயை நோயாளியிடம் மறைக்கச் சொல்லி உறவினர் கண்ணைக் காட்டினால், அதனை டாக்டரிடமே விட்டுவிட வேண்டும். இதற்குச் சிறு பயிற்சி போதும்.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று அதே அதிகாரத்தில் வள்ளுவர் எண்ணுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். ‘மருத்துவன்’ என்று அவர் ஒருமையில் சொன்ன இடத்தில் இன்று பத்துப் பேர் அமர்ந்திருக்கின்றனர். நான்காம் உறுப்பாகிய உதவுபவனின் இடம் மட்டும் பல நோயாளிகளுக்குக் காலியாகவே இருக்கிறது. அதனை நிரப்ப மருத்துவப் பட்டம் வேண்டாம். தமிழ் தெரிந்தால் போதும். இத்திட்டத்தை அடுத்த பொதுக்குழுவில் முன்வைக்க இருக்கிறேன். விருப்பமுள்ளோர் தம் பெயரையும், எந்தக் கிழமை ஒழிவு என்பதையும் எழுதிக் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.